பிங் போனால் போதுமா?

நெட்வேர்க் செய்முறைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், விரிவுரையாளர்கள், தனியார் வகுப்பு நடத்துபவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

மூன்று ரவுட்டர்களைப் பிள்ளையின் முன்னால் வைக்கிறீர்கள். "டைனமிக் ரவுட்டிங் வேலை செய்யுதில்லை, சரிசெய்" என்கிறீர்கள். அரை மணித்தியாலத்தில் "சேர், பிங் போகுது!" என்று சத்தம் கேட்கிறது. போய்த் திரையைப் பார்க்கிறீர்கள். நான்கு பதிலும் வந்திருக்கிறது. முழுப் புள்ளியும் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறீர்கள்.

என்ன பிழை இருந்தது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா?

பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எமது கோபம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து வார இறுதியில் நெட்வேர்க் செய்முறை சொல்லிக் கொடுக்கிறோம். அவர்களில் இருவர் அண்மையில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் செய்முறைத் தேர்வுக்குத் தோற்றினார்கள். இருவருக்கும் ஒரே பிழைதான் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு வரியில் தாளில் எழுதியும் வைத்தார். திருத்தி முடிக்க நேரம் போதவில்லை. மற்றவர் காரணத்தைத் தேடவே இல்லை. மூன்று ஸ்டாட்டிக் ரவுட் அடித்தார், பிங் போனது. முதலாமவருக்கு அரைவாசிக்கும் குறைவான புள்ளி. இரண்டாமவருக்கு முழுப் புள்ளி. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இது ஓரிடத்து நோய் அல்ல.

"வேலை நடந்தால் சரிதானே, ஏன் துள்ளுகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்காக அந்த மூன்று வரிகளும் என்ன செய்யும் என்று பார்ப்போம்.

கொழும்பு, கண்டி, மட்டக்களப்பு என்று மூன்று ரவுட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஒரு வயர், கண்டியிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு வயர். மூன்றிலும் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது. கொழும்பு-கண்டி வயரை, கண்டி "ஏரியா 0" என்கிறது. கொழும்பு "ஏரியா 1" என்கிறது. ஏரியா ஒத்துவராவிட்டால் இரண்டும் அயலவர் ஆகா. அயலவர் ஆகாவிட்டால் பாதைத் தகவல் பரிமாற்றமும் இல்லை. இவ்வளவுதான் பிழை. ஒரு இலக்கம்.

பிள்ளை அந்த இலக்கத்தைப் பார்க்கவில்லை. கொழும்பில் "மட்டக்களப்புக்குப் போவதானால் கண்டியிடம் கொடு" என்று ஒரு ஸ்டாட்டிக் வரி. கண்டியில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று. பிங் போகிறது. கைதட்டல்.

இப்போது கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் நேரடியாக ஒரு வயரைப் போட்டு அதிலும் ஓஎஸ்பிஎஃப்பை ஓட விடுங்கள். பிறகு கண்டி-மட்டக்களப்பு வயரைப் பிடுங்குங்கள். டைனமிக் ரவுட்டிங் என்று ஒன்றை உலகம் கண்டுபிடித்ததே இந்த நேரத்துக்காகத்தான். ஒரு பாதை அறுந்தால் மனிதன் கைவைக்காமல் மற்றப் பாதைக்கு மாற வேண்டும். ஆனால் மாறாது. சிஸ்கோ ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரவுட்டின் நம்பக இலக்கம் 1. ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120. இலக்கம் குறைந்ததைத்தான் ரவுட்டர் நம்பும். நேரடி வயர் உயிரோடு இருக்கிறது, ஓஎஸ்பிஎஃப்புக்கு அந்தப் பாதை தெரியும், ஆனாலும் கொழும்பு ரவுட்டர் பிள்ளை அடித்த வரியை நம்பிப் பொதியைக் கண்டிக்கு அனுப்பும். கண்டிக்கு மட்டக்களப்புக்குப் போக வழியில்லை. பொதி அங்கேயே சாகும்.

பிறகு யாரோ ஒரு நல்லவர் வந்து ஏரியா இலக்கத்தைத் திருத்துகிறார், ஆனால் ஸ்டாட்டிக் வரியைக் கவனிக்கவில்லை. நிலைமை இன்னும் மோசமாகும். இப்போது கண்டி, "மட்டக்களப்புக்குக் கொழும்பு வழியாகப் போகலாம்" என்று கற்றுக்கொள்ளும். கொழும்போ கண்டிக்கே அனுப்பும். டிடிஎல் தீரும்வரை ஒரே பொதி இரண்டுக்கும் நடுவில் பந்தாடப்படும். நாம் முழுப் புள்ளி கொடுத்தது இதற்குத்தான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பிங் போகிறது என்பதால் நெட்வேர்க் சுகமாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. மூன்று ரவுட்டர்களையும் முக்கோணமாக இணைத்து, ஒரு வயரின் ஒரு முனையில் மட்டும் ஹலோ நேரத்தை 10 செக்கனிலிருந்து 5 ஆக மாற்றி வையுங்கள். அந்த வயரில் அயலவர் உறவு அறுந்துவிடும். ஆனால் பொதிகள் மற்ற இரண்டு வயர்களாலும் சுற்றிப் போகும். பிங் அழகாகப் போகும். பிழையோ உள்ளே குந்திக்கொண்டிருக்கும், இன்னொரு வயர் அறும் நாள்வரை. பிங் என்பது சாட்சிகளில் ஒன்று மட்டுமே. அதையே நீதிபதியாக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்தது ரீலோட் பழக்கம்.

எதற்கெடுத்தாலும் ரீலோட். நோட்டுக் கொப்பியில் இருக்கும் கட்டளைகளை மேலிருந்து கீழாக மீண்டும் அடி. வந்தால் வந்தது, வராவிட்டால் திரும்பவும் ரீலோட். ரவுட்டரில் சேமிக்காத மாற்றங்கள் எல்லாம் ரீலோட்டில் அழிந்துபோகும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தோமா? கொஞ்சம் முன்னர் தவறாக அடித்த வரியும் அதோடு அழியும். அதனால்தான் சில வேளை ரீலோட்டுக்குப் பிறகு "சரியாகிவிடுகிறது". பிழை என்னவென்று யாருக்கும் தெரியாது. தடயமும் இல்லை, நினைவகத்தில் இருந்த பதிவுகளும் இல்லை. அடுத்த கிழமை அதே பிள்ளை அதே வரியை மீண்டும் அடிக்கும்.

எங்களுர்க் கராஜ்களில் பாஸ்மாரைப் பாருங்கள். முச்சக்கரவண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொண்டுபோனால் எடுத்த எடுப்பில் எஞ்சினைக் கழற்றுவாரா? சத்தத்தைக் கேட்பார். பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்ப்பார். பெற்றோல் வருகிறதா என்று பார்ப்பார். பத்தாம் வகுப்போடு நின்ற அந்த மனிதரிடம் இருக்கும் ஒழுங்கு, சான்றிதழ் கொடுக்கும் எமது ஆய்வுகூடங்களில் இல்லை.

ரீலோட்டே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஓஎஸ்பிஎஃப்பில் ரவுட்டர் ஐடியை மாற்றினால் அது அமுலுக்கு வர அந்தப் ப்ராசஸை மீள ஆரம்பிக்க வேண்டித்தான் வரும். அது காரணம் தெரிந்து செய்வது. காரணம் தெரியாததால் செய்வது வேறு.

ரவுட்டர் ஊமை அல்ல. அது பேசிக்கொண்டே இருக்கிறது, நாம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. மேலே சொன்ன ஏரியாப் பிழையில், ஏரியா ஐடி ஒத்துவரவில்லை என்று சிஸ்கோ ரவுட்டரே திரையில் எழுதும். பிள்ளைகள் அதை ஏதோ தொல்லை என்று நினைத்து என்டரை அமத்தி மேலே தள்ளிவிடுகிறார்கள். ஹலோ நேரம் ஒத்துவராவிட்டால் தானாக எழுதாது. டிபக் போட்டால், மற்றவரிடமிருந்து வந்த இலக்கம் எது, தன்னிடம் இருக்கும் இலக்கம் எது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வைத்தியர் நாடி பார்ப்பதைவிட இது இலகு.

"ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்" என்ற ஒரே கட்டளையை எடுங்கள். அதில் வரும் ஒரு சொல்லை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள்.

அயலவர் பெயரே வரவில்லையா? வயர், இன்டர்பேஸ், ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், ஏரியா, ஹலோ-டெட் நேரங்கள், கடவுச்சொல், பாசிவ் இன்டர்பேஸ், நெட்வேர்க் வரியில் வைல்ட்காட் மாஸ்க். இந்த வரிசையில் தேடுங்கள்.

"இனிட்" என்று நிற்கிறதா? அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கப் பாதை அடைபட்டிருக்கிறது. நடுவில் ஏதாவது அக்சஸ் லிஸ்ட் ஹலோவைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

"டூ-வே" என்று நிற்கிறதா? பயப்பட வேண்டாம். ஒரே சுவிட்சில் பல ரவுட்டர்கள் இருந்தால், டிஆரோ பிடிஆரோ அல்லாத இரண்டு ரவுட்டர்களுக்கிடையில் அதுதான் வழமை. இதைப் பிழை என்று நினைத்து மணித்தியாலக்கணக்கில் மல்லுக்கட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"எக்ஸ்ஸ்டார்ட்" அல்லது "எக்ஸ்சேஞ்ச்" என்பதில் மாட்டிக்கொண்டதா? முதலில் இரு முனைகளிலும் எம்டியூ அளவு ஒன்றா என்று பாருங்கள்.

"ஃபுல்" என்று இருந்தும் பாதை வரவில்லையா? அயலவர் பிரச்சினை முடிந்துவிட்டது, அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த லேனை மறுமுனை அறிவிக்கிறதா, அல்லது ஒரு ஸ்டாட்டிக் வரி அதை மறைக்கிறதா என்று பாருங்கள்.

இதை விளங்கப்படுத்த ஒரு பாடவேளை போதும். ஆனால் எத்தனை இடங்களில் நடக்கிறது? ரிப்புக்கும் ஓஎஸ்பிஎஃப்புக்கும் உள்ள வேறுபாடுகள் பத்து எழுதுக என்று கேட்பதோடு எமது கடமை முடிந்துவிடுகிறது. சில பாடக்குறிப்புகளில் "ஓஎஸ்பிஎஃப் ப்ராசஸ் இலக்கம் எல்லா ரவுட்டர்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும்" என்றுகூட எழுதியிருக்கிறது. தவறு. அது அந்த ரவுட்டருக்குள் மட்டும் செல்லுபடியாகும் இலக்கம். ஒன்றாக இருக்க வேண்டியது ஈஐஜிஆர்பியின் ஏஎஸ் இலக்கம். இந்தக் குறிப்பை நம்பிய பிள்ளை நல்ல வரியை அழித்துவிட்டு அதே வரியை வேறு இலக்கத்தோடு அடித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, பொறுமை. ரிப் தன் அட்டவணையை 30 செக்கனுக்கு ஒருமுறைதான் அனுப்பும். ஒரு பாதை பற்றிய செய்தி நின்றுபோனால் அது செல்லாது என்று முடிவெடுக்க 180 செக்கன் எடுக்கும். ஓஎஸ்பிஎஃப் சாதாரண ஈதர்நெட்டில் 40 செக்கன் ஹலோ வராவிட்டால்தான் அயலவர் போய்விட்டார் என்று முடிவு கட்டும். எமது பிள்ளை ஒன்றை மாற்றிவிட்டு ஐந்து செக்கனில் பிங் அடிக்கிறது. போகவில்லை. உடனே இன்னொன்றை மாற்றுகிறது. பிறகு மூன்றாவது. கடைசியில் போகும்போது எது மருந்து, எது நஞ்சு என்று யாருக்குத் தெரியும்? ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு கடிகாரத்தைப் பார். இதைச் சொல்லிக் கொடுக்க எந்தப் புதிய கருவியும் தேவையில்லை.

பிங் சில வேளை போய் சில வேளை போகாத பிழைகளில்தான் மூடநம்பிக்கை நன்றாக வளர்கிறது. ஒரு பக்கம் 172.16.1.0, மறுபக்கம் 172.16.2.0, நடுவில் 10 இல் தொடங்கும் முகவரிகள். ரிப் ஓடுகிறது, ஓட்டோ சமரி நிறுத்தப்படவில்லை. இரண்டு ஓரத்து ரவுட்டர்களும் "172.16.0.0 முழுவதும் என்னிடம்தான்" என்று நடு ரவுட்டரிடம் சொல்லும். நடு ரவுட்டர் இரண்டையும் நம்பி இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பும். சிலது போய்ச் சேரும், சிலது போகாது. பிள்ளை ரீலோட் பண்ணிய நேரம் தற்செயலாக ஒன்று போனால், "ரீலோட் பண்ணினா வேலை செய்யும் சேர்" என்று வாழ்நாள் முழுக்க நம்பும். "ஷோ ஐபி ரவுட்" அடித்து, ஒரே முகவரிக்கு இரண்டு திசை காட்டுவதைக் கண்ணால் பார்த்திருந்தால் காரணம் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இது ஆய்வுகூடத்து விளையாட்டு மட்டும்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறோம். 2021 ஒக்டோபர் 4, இலங்கை நேரம் இரவு 9 மணி கடந்து பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஒன்றாகப் படுத்தன. ஏறக்குறைய 6 மணித்தியாலம். நம்மில் எத்தனை பேர் வீட்டு ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தோம்! நடந்தது என்ன என்று அந்த நிறுவனமே மறுநாள் எழுதியது. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களின் தரவு நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வேர்க்கை முழுவதுமாகத் துண்டித்தது. அப்படியான கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் பிழை இருந்தது. முதுகெலும்பு போனதும் அவர்களின் டிஎன்எஸ் சேர்வர்கள், தம்மை அடையும் பாதைகளை பிஜிபியிலிருந்து தாமே விலக்கிக்கொண்டன. உலகத்துக்கு அவர்கள் இருக்கும் இடமே தெரியாமல் போனது. தூரத்திலிருந்து உள்ளே போக முடியாமல் பொறியியலாளர்கள் நேரில் செல்ல வேண்டி வந்தது.

அதற்கு முன்னரும் உண்டு. 1980 ஒக்டோபர் 27 இல் இணையத்தின் மூத்த தலைமுறையான ஆர்பாநெட் பல மணித்தியாலம் முடங்கியது. ஒரு கருவியிலிருந்து வந்த ரவுட்டிங் செய்திகளின் வரிசை எண்கள் பழுதாகி, எது பழையது எது புதியது என்று தெரியாமல் நெட்வேர்க் முழுவதும் அவற்றையே சுற்றிச் சுற்றிப் பரப்பிக்கொண்டிருந்தது. ஒரு கருவியை மட்டும் மீள இயக்கிப் பலனில்லை. அயலவரிடமிருந்து அதே செய்தி திரும்பி வரும். எரிக் ரோசன் அதைப் பற்றி ஆர்எஃப்சி 789 என்ற அறிக்கையை எழுதினார். என்ன கண்டோம், எதைச் சந்தேகித்தோம், எது காரணம், ஏன் பரவியது என்று எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல செய்முறை அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் அதைத்தான் காட்டுவோம். "ரீலோட் பண்ணினோம், சரி" என்ற ஒரு வரியோடு அவர்கள் நிறுத்தியிருந்தால் அடுத்த தலைமுறை எதைக் கற்றிருக்கும்?

வழமையாக வரும் பதில்கள் எமக்குத் தெரியும்.

"நேரமில்லை." ஒரு பாடவேளை 40 நிமிடம். பிள்ளை வெறுமையான ரவுட்டரிலிருந்து எல்லாவற்றையும் அடித்து முடிக்கவே அது போய்விடும், உண்மை. அதனால் அடிக்க விடாதீர்கள். முழுவதும் செய்து, ஒரு பிழையை மட்டும் ஒளித்து வைத்த ஃபைலைக் கொடுங்கள். 40 நிமிடமும் தேடலுக்கே கிடைக்கும்.

"கருவி இல்லை." பக்கெட் ட்ரேசர் இலவசம். எஃப்ஆர்ஆர் என்ற திறந்த மூல மென்பொருளை லினக்ஸ் கணினியில் போட்டால் அதுவே ரவுட்டர். ஆனால் பக்கெட் ட்ரேசர் பயிற்சிகளில் மூலையில் ஓடும் அந்தச் சதவீதத்தைப் பிள்ளை பார்த்துக்கொண்டே கட்டளை அடிக்க விடாதீர்கள். இலக்கம் கூடுகிறதா என்று பார்த்துப் பார்த்து அடிப்பது கற்றல் அல்ல, சூதாட்டம்.

"பரீட்சையில் வருவதில்லை." பரீட்சையில் வராது, நேர்முகத்தில் வரும். "இரண்டு ரவுட்டரும் நெய்பர் ஆகவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய்?" என்ற ஒரு கேள்வி போதும். எமது பிள்ளைகளில் பலர் கொழும்புக்கும் கட்டாருக்கும் சவூதிக்கும் டுபாய்க்கும் இந்தத் துறையை நம்பிப் போகிறார்கள். வீட்டில் நகை அடகு வைத்துக் கோர்ஸ் காசு கட்டிய பெற்றோர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை சான்றிதழோடு போய் வருடக்கணக்கில் வயர் இழுத்துக்கொண்டிருந்தால், அதில் முழுப் புள்ளி போட்ட கைக்கும் பங்கிருக்கிறது. நாளை அதே பிள்ளை ஒரு வைத்தியசாலையின் நெட்வேர்க் முன்னால் நடுஇரவில் தனியாக நிற்கலாம். அங்கே போய் ரீலோட் அடிக்கட்டுமா?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எமக்கும் பிடிக்காது. எங்கள் வகுப்பில் நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான். எடுத்து மாற்றிப் பயன்படுத்துங்கள்.

1. பிழை தேடும் வகுப்பில் ரீலோட் தடை. ஸ்டாட்டிக் ரவுட் தடை. ரவுட்டர் ஐடி போன்ற தேவைக்கு மட்டும் காரணத்தைச் சொல்லி அனுமதி கேட்கலாம்.

2. எந்த மாற்றமும் செய்ய முன்னர் தாளில் மூன்று வரி: என்ன காண்கிறேன், எதைச் சந்தேகிக்கிறேன், எந்தக் கட்டளையால் உறுதிப்படுத்துவேன்.

3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றிய நேரத்தையும் எழுத வேண்டும்.

4. இருபது புள்ளியில், கண்டதைச் சரியாக எழுதியதற்கு 5. காரணமல்லாதவற்றை ஆதாரத்தோடு தள்ளியதற்கு 5. காரணத்தை ஒரு வரியில் சொன்னதற்கு 5. திருத்தியதற்கு 3. கடைசியில் ஒரு வயரைப் பிடுங்கி, பொதி மற்றப் பாதையால் போகிறது என்று நிரூபித்ததற்கு 2. வெறும் பிங்குக்குப் புள்ளி இல்லை.

5. முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்து மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். விளக்க முடியாத திருத்தம் திருத்தம் அல்ல.

முதல் இரண்டு வகுப்பிலும் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். "எழுதாம செஞ்சா கெதியா முடிஞ்சிடும் சேர்" என்பார்கள். மூன்றாவது வகுப்பில் பிழையை ஒளித்து வைக்கத் தாங்களே போட்டி போடுவார்கள். ஒருவர் ஒளிப்பார், மற்றவர் தேடுவார். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க இனிமையானது.

பிழை ஒளித்து வைத்த ஃபைல்கள் எம்மிடம் இருக்கின்றன. வேண்டிய ஆசிரியர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், இன்ஷா அல்லாஹ் அனுப்பி வைக்கிறோம். காசு வேண்டாம். பதிலுக்கு, உங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த ஒரு பிழையையும், அதைக் கண்டுபிடித்த வழியையும் எழுதி அனுப்புங்கள். அதுதான் கட்டணம்.